ஏழாவது கையெழுத்து

...மூணு மாசம்மா. ஒரே ஒரு நாற்காலிக்கு. உக்காருன்னு சொல்லலாம்னா உனக்கும் இன்னும் நாற்காலி வரல, நின்னுக்கிட்டே கேளு. புதுசா சேந்தவ, தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது.

இந்தச் சனியன் இருக்கே, உக்காந்தா சர்ருனு கீழ எறங்கிடும். மேசை மூக்குக்கு நேரா வந்து நிக்கும். அதான் வர்ற ஃபைலையெல்லாம் அடுக்கி மேல உக்காந்திருக்கேன். இடுப்பு போச்சு. தைலம் தேய்ச்சே வீட்டுக்காரிக்குக் கை ஓஞ்சு போச்சு. புது நாற்காலிக்கு ஏழு கையெழுத்து வேணும். ஆறு வாங்கியாச்சு. ஏழாவது மகராசன் எங்க குந்தியிருக்கானோ, ஃபைலையே காணோம். மூணு மாசக் கெடு இன்னிக்கோட முடியுது, அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து விழலைன்னா மறுபடி முதல்லேருந்து. மணி என்ன? நாலே முக்காலா? போச்சு போ.

அதுக்காகக் கம்பெனி மோசம்னு நினைக்காத. நான் சொல்லுவேன், நீ நினைக்காத. ஒண்ணாந்தேதி சம்பளம் டாண்ணு வரும். போன வருஷம் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன்னு லெட்டர் குடுத்தேன். ஒரே நாள்ல அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு பணத்தை ஆஸ்பத்திரிக்கே அனுப்பிட்டாங்க. மாடிப்படியில உக்காந்து அழுதேன்மா, சொல்றதுக்கு என்ன வெக்கம். ஆனா நாற்காலிக்கு மட்டும் ஏழு கையெழுத்து. எந்த ஊரு நியாயம் இது?

விதி யாரு போட்டதா? அது வந்து... நான்தான். மீட்டிங்குக்குன்னு என் நாற்காலியைத் தூக்கிட்டுப் போயி திருப்பித் தரல. அந்தக் கடுப்புல, இனிமே நாற்காலின்னா ஏழு கையெழுத்து வேணும்னு எழுதிக் குடுத்தேன். மேனேஜரு எந்திரிச்சு நின்னு கைகுடுத்தாரு.

என்னம்மா குனிஞ்சு பாக்குற? எனக்கு அடியிலயா? இரு, எந்திரிக்கிறேன்... அட, என் நாற்காலி ஃபைலு. ஆறு கையெழுத்தும் இருக்கு. ஏழாவது... 'சரிபார்க்கும் எழுத்தர்'.

அது நான்தாம்மா. இந்த செக்‌ஷனுக்கு மாத்துனப்ப ஆர்டர்ல அப்படித்தான் ஏதோ போட்டிருந்துச்சு. ஆர்டரை யாரு கடைசி வரைக்கும் படிக்கிறா?

சிரிக்காத, பேனாவைக் குடு. ம்... போட்டாச்சு. ஓடிப்போயி குடுத்துட்டு வந்துடறேன்.

என்ன, உன் நாற்காலியா? எழுதிக் குடுத்து ரெண்டு வாரமாச்சா? ஆறு கையெழுத்து ஆச்சா?

அப்ப அதுவும் இந்த அடுக்குலதான் இருக்கும். தேடி எடுத்து வை, வந்து போட்டுடறேன்.