சைபரில் நின்ற முள்

தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பியதும், எதிர் சீட்டு அம்மா தன் கணவரிடம், "உங்க மீட்டர் முள்ளை நம்பி பக்கத்து வீட்டு மல்லிகாவோட சண்டைக்குப் போனேனே!" என்றார். பேப்பர் படிப்பதுபோல நடிப்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. உடனே விரித்துக்கொண்டேன்.

"மெதுவா பேசு. எல்லாரும் பாக்கறாங்க."

"வெள்ளிக்கிழமை அவ டிவில சினிமா பாட்டு நடுவுல உங்க குரல் வந்துதே, அது மெதுவாவா வந்துது? கேக்க வந்தவகிட்ட, மைக்ல பேசிக்கிட்டே என்ன காமிச்சீங்க? முள்ளு சைபர்ல நிக்குது, என் ஹாம் ரேடியோல இருந்து ஒண்ணுமே வெளிய போகலன்னு!"

"சைபர்லதானே நின்னுது?"

"ஏன் நின்னுது? அதைச் சொல்லுங்க."

"மீட்டர் ஒண்ணு. என்கிட்ட இருக்கற ரெண்டு ரேடியோவுக்கும் தனித்தனியா சென்சார். எதுல பேசறமோ அந்தப் பக்கம் சுவிட்சைத் திருப்பணும்."

"திருப்பினீங்களா?"

"மறந்துட்டேன். சும்மா கிடந்த ரேடியோவைத்தான் மீட்டர் காமிச்சுக்கிட்டு இருந்திருக்கு."

"இது தெரியாம, 'பொய்யா சொல்ற?'ன்னு தெருவே கேக்க அவகிட்ட கத்தினேன். இப்ப குழாயடில என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறா. எனக்குன்னு அந்தத் தெருவுல இருந்தது அவ ஒருத்திதான்."

குரோம்பேட்டை வந்தது. நான் இறங்கவேண்டிய ஸ்டேஷன். இறங்கவில்லை.

"சரி, நானே மன்னிப்பு கேக்கறேன். நேர்ல போகத்தான் கூச்சமா இருக்கு."

"நேர்ல எதுக்கு? வர்ற வெள்ளிக்கிழமை பாட்டு நேரத்துல ரேடியோவுலயே கேளுங்க. அவ டிவில கணீர்னு கேக்கும்."