பின் ஆக்சிலில் ஒரு சத்தம்

மைசூரிலிருந்து கொள்ளேகால் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள், அன்றுதான் பழகியவர்கள். இளையவள் மடியில் ஓர் அட்டைப்பெட்டி. கீழே வைக்கச் சொல்லிக் கண்டக்டர் அலுத்துப்போயிருந்தார். நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னம்மணி அது, இத்தனை கனமா?"

"பேரிங்குங்க்கா. ஜீப்போட பின்னாடி ஆக்சிலுக்கு. நானே வூட்டுல பிரிச்சு மாட்டுறேன்."

"நீயா? பட்டறை இல்லையா?"

"நாளைக்கு, நாளைக்குன்னே சொன்னாங்க. அப்பறம் வூட்டுக்காரரே சொல்லிக் குடுத்தாரு. மஸ்கட்ல லாரி ஓட்டறாரு. வேலை முடிஞ்சதும் வீடியோ கால்ல வருவாரு. போனை வண்டிக்கு அடியில சாய்ச்சு வெச்சுக்குவேன். கியரு பல்லோட பல்லு சரியா உக்காருதான்னு பாக்கக் குங்குமத்தை எண்ணெயில குழைச்சுத் தடவச் சொன்னாரு. சுத்திவிட்டதும் சிவப்பு எங்க ஒட்டியிருக்குன்னு பாத்துட்டு, 'இன்னும் துளி உள்ள தள்ளு'ம்பாரு. ஒரு மணி நேரம் போறதே தெரியாதுங்க்கா."

"முன்னயும் இப்படித்தான் பேசுவாரா?"

"எங்கீங்க்கா. 'சாப்பிட்டியா? சரி, வெச்சர்றேன்.' அவ்வளவுதான்."

"வண்டி வேலை எப்ப முடியும்?"

"முடிஞ்சிருச்சுங்க்கா. நேத்து ஹனூர் வரைக்கும் ஓட்டிட்டுப் போயி வந்தேன். ஒரு சத்தமில்ல."

"அப்பறம் எதுக்கு இந்தப் பேரிங்கு?"

அவள் பெட்டியை இன்னும் சற்று இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"சத்தம் வருதுன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன். 'புது பேரிங்கு வாங்கிட்டு வந்து மறுபடி பிரி, நான் பாத்துக்கறேன்'னாரு."