வெட்டப்படாத பன்னிரண்டாம் இதழ்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் வாசகர் வட்டத்தின் தலைவர் யோகம் அண்ணை அவர்களே! செயற்குழுத் தோழர்களே! டோர்ட்மண்டிலிருந்தும், அதைவிடத் தூரத்திலிருந்தும் இந்த மழையில் வுப்பர்டாலுக்கு வந்து சேர்ந்திருக்கும் சித்திரக்கதை அன்பர்களே! முன்வரிசையில் இருக்கும் புஷ்பராணி அக்கா, பிள்ளை சயந்தினி, உங்கள் எல்லோருக்கும் கை கூப்புகிறேன்.

எங்கள் அரியரத்தினம் அண்ணை போய்விட்டார். சித்திரக்கதைச் செம்மல் அரியரத்தினம் போய்விட்டார்! அந்தப் பட்டத்தை இதே மண்டபத்தில்தான் கொடுத்தோம். பொன்னாடை போர்த்தினோம். மனிதர் மேடையை விட்டு இறங்கியதும் என் காதில் என்ன சொன்னார் தெரியுமா? “புவனம், இந்தத் துணியைப் புத்தகங்களுக்குக் கிட்டக் கொண்டுபோகாதை. சரிகையில பூச்சி வரும்.” அவர்தான் அரியரத்தினம்! பாராட்டைக்கூடப் புத்தகத்துக்குக் கெடுதல் வருமோ என்று பார்த்துத்தான் வாங்கினார்.

மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் கண்ணாடி தேய்த்த கை அது. அந்தக் கையால்தான் பழைய வீரசாகச நாவல்களையும் படக்கதைகளையும் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். சேர்த்தது மட்டுமா? அச்சகத்திலிருந்து இன்று காலைதான் வந்தது போல வைத்திருந்தார். மூலை மடங்கக்கூடாது. பக்கங்களைக் குத்திய கம்பி துருப்பிடிக்கக்கூடாது. அவருடைய வீட்டுக்குப் போனால் “வாங்கோ” என்பதற்கு முன்னரே “கை கழுவினீங்களோ?” என்று கேட்பார். உங்களில் எத்தனை பேர் அங்கே கை கழுவிக் கழுவியே தேத்தண்ணீர் ஆறவிட்டிருக்கிறீர்கள்?

ஒரு சரஸ்வதி பூசைக்கு அவருடைய மனைவி புஷ்பராணி அக்கா வழக்கப்படி புத்தகங்களை அடுக்கி, மேலே இருந்த ஒரு படக்கதையின் அட்டையில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார். நம்முடைய வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அது அரியரத்தினத்தின் வீடு! அன்று மாலை நான் பயந்து பயந்துதான் போனேன். அந்த இதழைத் தனி உறையில் இட்டு, மேலே ஒரு துண்டு ஒட்டியிருந்தார். “குறை: சந்தனப் பொட்டு. வைத்தவர்: புஷ்பம். அகற்றக்கூடாது.” இவரையா கல்நெஞ்சுக்காரர் என்றார்கள்? புத்தகத்தைத் தவிர வேறொன்றிலும் பாசமில்லாதவர் என்றார்கள்?

அன்பர்களே, இதோ இந்த மேசையில், அவருடைய படத்துக்குப் பக்கத்தில், உறைக்குள் ஒரு இதழ் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் இது வங்கிப் பெட்டகத்துக்குப் போகப்போகிறது. யோகம் அண்ணை தன்னுடைய பையைக் காலடியில் ஆயத்தமாக வைத்திருக்கிறார். இதைப் பற்றிச் செயற்குழு இரண்டு கிழமையாகச் சண்டை பிடித்தது உங்களுக்குத் தெரியும். இரங்கல் கூட்டத்தில் இதைப் பேசாதே என்று எனக்குச் சொன்னார்கள். பேசப்போகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இது ‘இரும்புத்தோணி’யின் பன்னிரண்டாவது இதழ். யாழ்ப்பாணத்தில் நாங்கள் காற்சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் மாதமொன்றாக வந்த கடற்கதை. மாலுமி செங்கோடன்தான் நாயகன். பதினோராம் இதழின் கடைசிப் படத்தில் செங்கோடன் தோணியின் அடியறையில் பூட்டப்பட்டிருக்கிறான். தண்ணீர் கழுத்துவரை வந்துவிட்டது. வெளியே அவனுடைய மனைவி பூட்டின் திறப்பைத் தேடி ஓடுகிறாள். அவ்வளவுதான்! பன்னிரண்டாவது இதழ் கடைக்கு வரவேயில்லை. அச்சகம் பூட்டப்பட்டுவிட்டது. செங்கோடன் தப்பினானா, செத்தானா? எங்கள் வகுப்பில் இதற்காக அடிபட்டு மூக்கு உடைந்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவன் இப்போது உங்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கிறான்.

அரியரத்தினம் அண்ணையும் அக்காவும் ஜேர்மனிக்கு வந்த புதிதில் அகதி விடுதி ஒன்றில் ஒரே அறையில் இருந்தார்கள். பாஷை இல்லை, வேலை செய்ய அனுமதி இல்லை, தொலைக்காட்சி இல்லை. வெளியே பனி. அக்கா அழுதுகொண்டே இருப்பாராம். அப்போது அண்ணை மனப்பாடமாக ‘இரும்புத்தோணி’யைச் சொல்லத் தொடங்கினார். படம் படமாகச் சொன்னார். கடல் எப்படி, தோணி எப்படி, யாருடைய முகத்தில் எந்தப் பக்கம் நிழல் என்றெல்லாம் சொன்னார். அக்கா அழுவதை விட்டுவிட்டுக் கேட்டார். பதினோராவது முடிந்தது. “பிறகு?” என்றார் அக்கா. “பன்னிரண்டாவது கிடைக்கட்டும், சொல்லுறன்” என்றார் அண்ணை.

பிறகு கிடைத்ததே! மகள் சயந்தினி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, அந்த அச்சக முதலாளியின் மருமகன் பாரிசில் இருப்பதாக அறிந்து அண்ணை பஸ் ஏறிப் போனார். மருமகனுடைய பெட்டியின் அடியில் ஒரேயொரு பிரதி கிடந்தது. அன்று அக்கா வடை சுட்டு வைத்துக் காத்திருந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மனிதர் வந்தார். கை கழுவினார். பொதியைப் பிரித்தார். பார்த்தார். மூடினார். நாங்கள் இருவரும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதழ் வெட்டுப்படவில்லை! பெரிய தாளில் அச்சடித்து, மடித்து, கம்பி குத்தி, அட்டையும் ஒட்டிவிட்டார்கள். ஓரம் வெட்டும் இயந்திரத்துக்கு அது போகவேயில்லை. பக்கங்கள் மடிப்போடு ஒட்டியபடி இருந்தன. வாசிக்க வேண்டுமென்றால் மடிப்புகளைக் கத்தியால் அறுக்க வேண்டும். அறுத்தால் அது அச்சகத்திலிருந்து வந்தபடி இராது. எட்டிப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். “விரிச்சால் முதுகு உடையும்” என்றார். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிட்ட மனிதர், தன் கையிலிருந்த புத்தகத்துக்குள் பார்க்க மாட்டேன் என்றார்! அக்கா வடையை எடுத்து உள்ளே வைத்தார். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

ஒரே ஒரு தடவை கேட்டார். வுப்பர் ஆறு பெருகிய அந்த யூலை மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். புத்தகங்களெல்லாம் அப்போது அவருடைய வீட்டு நிலவறையில் இருந்தன. தண்ணீர் வருகிறது என்று தொலைபேசியில் கத்தினார். நாங்கள் ஓடினோம். மாடிப்படியில் வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்றினோம். மேல்வீட்டுத் துருக்கிக்காரரும் அவருடைய மனைவியும் எங்களோடு நின்றார்கள். அண்ணை கீழே நின்றார். முழங்காலுக்கு வந்த தண்ணீர் இடுப்புக்கு வந்தது. தீயணைப்புப் படைக்காரர் “ராவ்ஸ்! ராவ்ஸ்!” என்று கத்துகிறார். வெளியே வா என்கிறார். மின்சாரம் இன்னும் நிறுத்தப்படவில்லை! அண்ணை வரவில்லை. கடைசியில் பார்த்தால் மூடி போட்ட அரிசி வாளி ஒன்றைத் தலையில் தூக்கிவைத்தபடி நிற்கிறார். உள்ளே இந்த இதழ். அந்த நேரத்திலும் மனிதருக்குச் சிரிப்பு! “செங்கோடன் இப்பிடித்தான் நிண்டவன்” என்றார்.

படியில் நின்ற அக்கா கத்தினார். அவருடைய குரல் அப்படி உயர்ந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. “அப்ப சொல்லுங்கோ! அவன் தப்பினவனோ, இல்லையோ?”

படியில் நின்ற நாங்கள் பயத்தையும் மறந்து சிரித்துவிட்டோம். அண்ணை சிரிக்கவில்லை. வாளியை என்னிடம் தந்துவிட்டு மேலே ஏறி வந்தார்.

அதற்குப் பிறகுதான் முழுத் தொகுப்பையும் வட்டத்துக்கு எழுதிக் கொடுத்தார். பதிவு செய்த சங்கம் என்பதால் விதிக்கோவை வேண்டும் என்றார்கள். அதன் முதல் விதியை அவரே சொல்லி எழுதுவித்தார்: கிடைத்தபடி காக்கப்படும், எதுவும் வெட்டப்படாது, ஒட்டப்படாது. யோகம் அண்ணை அந்த விதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவரில் எனக்குக் கோபமில்லை. உண்மையாகவே இல்லை! இறந்த மனிதருடைய வாக்கைக் காக்கிறேன் என்கிறார். அது சின்ன விஷயமா?

ஆனால் அந்த மனிதர் கடைசியாகச் சொன்னது வேறு. ஆஸ்பத்திரியில் கடைசி வியாழக்கிழமை, அக்கா வெளியே டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தபோது, என் கையைப் பிடித்தார். “புவனம், புஷ்பத்துக்கு முடிவைச் சொல்லேல்லையடா. அதை வெட்டி அவளுக்கு வாசிச்சுக் காட்டு.” உடனே யோகம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். வட்டத்தின் அலுமாரித் திறப்பு அவரிடம்தான். “நாளைக்குக் கூடிக் கதைப்பம்” என்றார். யார்தான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்? விடிய அரியரத்தினம் அண்ணை போய்விட்டார்.

கூடிக் கதைத்தோம். செயற்குழு சரிபாதியாகப் பிரிந்தது. “மருந்து மயக்கத்தில சொன்னது” என்றார்கள். மயக்கமா? அன்பர்களே, நீங்களே சொல்லுங்கள்! அவர் அடுத்ததாக என்ன சொன்னார் தெரியுமா? “கூர்க்கத்தி எடுக்காதை, தாளுக்குள்ள ஓடிடும். மொட்டைக் கத்தியால மடிப்புக்குள்ள விட்டு மெல்ல வெளியால இழு. முதல் கையைக் கழுவு.” மயக்கத்தில் இருப்பவர் கை கழுவச் சொல்வாரா? அரியரத்தினத்தைத் தவிர இந்த உலகத்தில் வேறு யார் அப்படிச் சொல்வார்?

பின்வரிசையில் யாரோ “இது அதுக்குரிய இடமில்லை” என்கிறீர்கள். கேட்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு இடமில்லை, பெட்டகம்தான் இருக்கிறது.

யோகம் அண்ணை செயற்குழுவில் என் முகத்துக்கு நேரே ஒன்று கேட்டார். “அந்த அறையில உன்னைத் தவிர ஆர் இருந்தவை? சின்ன வயசிலயிருந்து அந்த முடிவுக்கு அலையிறவன் நீ. நாங்கள் என்னெண்டு நம்புறது?” கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். ஆற்றுக்கு மேலால ஓடுகிற தொங்கு ரயிலில் நெடுகப் போனேன், இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமலே போனேன். போகப் போகத்தான் விளங்கியது. யோகம் அண்ணை கேட்டது நியாயம். நான் அலைகிறவன்தான்! அந்த முடிவு தெரியாமல் செத்துப்போவேனோ என்று பயந்து படுத்த நாட்கள் எனக்கு உண்டு. ஆசைப்படுகிற ஒருவன் மட்டும் சாட்சி சொன்னால் யார்தான் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன்.

புஷ்பராணி அக்கா இந்த இரண்டு கிழமையில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார். “அவர் வெட்டாததை நான் வெட்டமாட்டன்” என்று ஒரு சொல்தான் சொன்னார். இத்தனை வருடம் அந்த முடிவோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். தூசி தட்டியிருக்கிறார். சமையலறைக் கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. தொடவில்லை! புத்தகத்தைக் காத்தவர் அரியரத்தினம் என்று பட்டம் கொடுத்தோமே, அந்தப் பட்டத்தில் பாதி யாருக்கு உரியது?

ஆகவே அன்பர்களே, மறைந்த எங்கள் செம்மலின் படத்துக்கு முன்னால் உறுதி சொல்கிறேன். அவர் தந்த மற்றைய இதழ்கள் ஒன்றிலும் ஒரு மூலையும் மடங்க விடமாட்டோம். தண்ணீருக்கும் பூச்சிக்கும் கறையானுக்கும் விடமாட்டோம். எங்களுக்குப் பிறகு வருகிற பிள்ளைகள் கை கழுவிவிட்டு வந்து அவற்றைப் பார்ப்பார்கள். அவருடைய வேலை நிற்காது. இது வட்டத்தின் வாக்கு.

இந்த ஒன்று மட்டும் வெட்டப்பட வேண்டும். இன்றே, இங்கேயே. வெட்ட வேண்டியவர் நான் அல்ல. யோகம் அண்ணை, நீங்கள் நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவர். எங்களில் கை நடுங்காதவர் நீங்கள் ஒருவர்தான். மொட்டைக் கத்தி மேசையில் இருக்கிறது. அரியரத்தினம் அண்ணை சொன்னது போலவே பக்கத்தில் தண்ணீரும் துவாயும் வைத்திருக்கிறேன். சயந்தினி வாசிக்கட்டும், அம்மா கேட்கட்டும், நீங்கள் எல்லோரும் கேளுங்கள்.

நான் கேட்க மாட்டேன். நான் இப்போது இந்த மண்டபத்தை விட்டு வெளியே போகிறேன். செங்கோடன் தப்பினானா, செத்தானா என்று ஒருவரும் எனக்குச் சொல்ல வேண்டாம். இன்றைக்கும் வேண்டாம், என்றைக்கும் வேண்டாம். அச்சடித்து வெளியிட்டாலும் நான் வாசிக்க மாட்டேன். இது என்னுடைய வாக்கு. இப்போது சொல்லுங்கள் யோகம் அண்ணை, நான் எனக்காகவா கேட்கிறேன்?

சத்தம் போடாதீர்கள். தயவுசெய்து இருங்கள். யோகம் அண்ணையைப் பாருங்கள்.

அண்ணை எழும்பிவிட்டார். சட்டைக் கையை மடிக்கிறார். கை கழுவுகிறார்.

அரியரத்தினம் அண்ணைக்கு என்னுடைய அஞ்சலி. போய்வாருங்கள் அண்ணை. புஷ்பராணி அக்கா, அழாமல் கேளுங்கோ.

பிள்ளை சயந்தினி, நான் வெளியால போனதும் கதவை இறுக்கிச் சாத்து. எனக்கு இன்னும் காது நல்லாய்க் கேக்கும்.