முற்றிப்போன கத்திரிக்காய்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் டிக்கெட் எல்லோருக்கும் ஒரே விலை, உட்காருவது மட்டும் சிலர்தான். எரிச்சலோடு கம்பியைப் பிடித்து நின்றேன். முன்சீட்டில் ஒருவர், "இந்தக் காயை உங்கப்பாகிட்ட எந்த மூஞ்சியோட காட்டுவேன் மச்சான்?" என்றார். அவர் மடியில் மஞ்சளாக முற்றிப்போன நாலு கத்திரிக்காய்கள். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி.

"மொட்டை மாடியில விதை போட்டு, நானே வளர்த்த காயில கொத்சு வச்சுத் தரேன்னு அவருகிட்ட சவால் விட்டுட்டேன்."

"பிஞ்சா இருக்கும்போதே பறிச்சிருக்கலாமே மாமா? அக்கா சொல்லலையா?"

"சொன்னா. இன்னும் பெருசாகட்டும், உங்கப்பா அசந்து போகட்டும்னு நான்தான் விட்டேன். தினமும் தடவித் தடவிப் பார்த்தேன். இப்ப உள்ள பூரா விதை. மூளை இருக்கிறவன் செய்ற வேலையா இது?"

"அப்பாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"விதைக்குன்னே விட்டேன், நீங்களும் போட்டுப் பாருங்கன்னு குடுத்துடுவேன்."

மச்சான் சிரித்துவிட்டார். "கவலப்படாதீங்க. அப்பா காலையிலயே மார்க்கெட்டுல ஒரு கிலோ வாங்கி வச்சிட்டாரு."

மாமா காய்களை எடுத்துப் பைக்குள் போட்டார். பிறகு சொன்னார்: "பொண்ணு குடுத்தவராச்சே. என்னைப் பத்தி அவருக்குத் தெரியாதா?"