சத்தமில்லாத கீபோர்டு

சிங்கப்பூர் ஜாலான் புசார் பேருந்து நிறுத்தத்தில் எனக்கு முன்னால் நின்றவர், பக்கத்திலிருந்த இசைக் கீபோர்டு பழுதுபார்ப்பவரிடம் சொன்னார்:

“நீங்க எங்க கீபோர்டுல ஃப்ளாப்பி டிரைவை எடுத்துட்டு யூஎஸ்பி வெச்சதுல இருந்து அம்மா பாடுறதில்லண்ணே.”

“பாட்டு வரலையா?”

“அப்பா இருந்தப்ப வாசிச்சுப் பதிஞ்சதெல்லாம் நல்லா வருது. முன்னாடி ஃப்ளாப்பி போட்டா கர்ருனு சத்தம் கேக்கும்ல, அதுக்குத்தான் அம்மா நிமிர்ந்து உட்காருவாங்க. இப்ப சத்தமில்லாம ஆரம்பிச்சிடுது.”

“பழைய டிரைவ் போயிடுச்சு லா. திருப்பிப் போட முடியாது.”

“தெரியும். நேத்து நானே வாயால அந்தச் சத்தம் போட்டேன். பாடினாங்க.”

“அப்பவாவது உன்னை அடையாளம் தெரிஞ்சுச்சா?”

“இல்லண்ணே. அப்பான்னு நினைச்சு ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேட்டாங்க. சாப்பிட்டேன்னு சொல்லிட்டேன்.”