அண்ணன் கொடுத்த கார்

"எனக்கு இடது கால் இல்லைங்கறதாலதான் அந்தக் காரை எங்கண்ணன் என் தலையில கட்டினான்."

முன் சீட்டில் இருந்தவர் இப்படிச் சொன்னதும் ஜன்னலிலிருந்து திரும்பினேன். கீழ்பென்னாத்தூர் போகிற பஸ். அவர் மடியில் ஊன்றுகோல். பக்கத்தில் அவருடைய ஊர்க்காரர்.

"கிளச் மிதிக்க வேணாம், கியர் தானா மாறும், உனக்குத் தோதா இருக்கும்னு குடுத்தான். மொத நாளு பசங்களை ஏத்திக்கினு கிரிவலப் பாதையச் சுத்தி வந்தேன்."

"அப்புறம் இன்னாப்பா?"

"ரெண்டாவதுலேர்ந்து மூணாவது மாறும்போதெல்லாம் தூக்கிப் போட்டுச்சு. போன்ல கேட்டா, நீ ஆக்சிலேட்டரை ஜாஸ்தி மிதிக்கிற, உனக்கு ஓட்டத் தெரியலன்னான். நானும் நம்பி, பயந்து பயந்து மிதிச்சேன். கடைசியில மூணாவது கியரு விழறதே நின்னுபோச்சு."

"மெக்கானிக் இன்னா சொன்னாரு?"

"கியர் ஆயிலை எடுத்து மோந்து பார்த்தாரு. கருகிக் கெடக்குது, உள்ள பிளேட்டெல்லாம் தேஞ்சிபோச்சு, முன்னாடியே யாரோ பிரிச்சுப் பார்த்துட்டு அப்படியே மூடியிருக்காங்கன்னாரு."

"அண்ணனைக் கேட்டியா?"

"கேட்டேன். தெரியும்டான்னான்."

"தெரிஞ்சேவா குடுத்தான்?"

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பியது. அவர் மடியிலிருந்த ஊன்றுகோலை நகர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு, அண்ணனுடைய குரலிலேயே சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"'நீ எங்கடா தூரமாப் போகப்போற, வூட்டுக்கும் கடைக்கும்தானே, அதுக்கு ரெண்டாவது கியரே போதும்னு நெனைச்சேன்'னான்."