அம்மை மேல் விழுந்த கோடுகள்

குழித்துறையிலிருந்து திருவட்டாறு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் தலை நரைத்த ஓர் அக்காளும் தம்பியும். அக்காளின் கல்யாண வீடியோ கேசட்டைக் கடையில் கொடுத்து பென் டிரைவில் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். படத்தில் அவர்களுடைய அம்மா வரும் இடங்களில் கோடு கோடாக இருக்கிறதாம்.

"அம்மை ஒரு எடத்துல நிக்காததுனாலதான் கோடு விழுந்திருக்காம்," என்றார் தம்பி.

"கேசட்டு பழசானதுனால இல்லியா?"

"இல்லக்கா. அந்தக் காலத்து கேமரா ஒண்ணு விட்டு ஒரு வரியா எடுக்கும். பெறவு நடுவுல விட்ட வரிய எடுக்கும். பழைய டிவி அத மாத்தி மாத்திக் காட்டுனதுனால நமக்குத் தெரியல்ல. கம்ப்யூட்டரு ரெண்டையும் சேத்துக் காட்டுது. அதுக்குள்ள ஆளு நகந்துட்டா சீப்புப் பல்லு மாதிரி ஆயிரும்."

"பந்தியில இருந்தவ்வோ எல்லாம் தெளிவாத்தான இருக்காவ?"

"அவ்வோ இருந்து சாப்பிட்டாவ. அம்மை சாமான் வச்ச கலவறைக்கும் பந்தலுக்குமால்லா ஓடிக்கிட்டு கெடந்தா."

அக்காள் பென் டிரைவைக் கைக்குட்டையில் சுற்றி முடிந்துகொண்டார்.

"அப்போ அம்மைக்க முகம் எங்கயுமே தெளியலியா?"

"கடைசியில தெளிஞ்சிருக்கு. உனக்க காரு போன பெறவு பந்தல் கால பிடிச்சுகிட்டு நிக்கா. அசையவே இல்ல. எத்தன தடவ பாத்திருப்ப, ஓர்மை இல்லியா?"

ஒரு நிறுத்தம் கடந்தது.

"நான் கார்ல ஏறுனதும் கேசட்ட நிறுத்திருவேன் மக்கா. அதுக்குப் பெறவு நான் பாத்ததே இல்ல."